ஆலயக் கூடங்களில் வளர்ந்த அறப்போர்
அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளும் மக்களாட்சி உரிமையும்

1955ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், திங்கட்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியில் அன்று காலை நகரப் பேருந்துகள் பெரும்பாலும் வெறுமையாக ஓடின. அப்பேருந்துகளில் செல்வோருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பின மக்கள். அவர்கள் அன்று நடந்தே பணிக்குச் சென்றனர். ஒருநாள் எதிர்ப்பாகத் தொடங்கிய அப்புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டில் இனநீதிக்காக நிகழ்ந்த அறப்போர்களுள் அது முதன்மையான ஒன்றாக வரலாற்றில் இடம்பெற்றது.

ஏறத்தாழ 50,000 மக்கள் ஓராண்டுக்கும் மேலாக ஒரே உறுதியில் நிற்பது எளிதன்று. அம்மக்களுள் மிகப் பலருக்கு வாக்குரிமை கிடையாது. நகராட்சியிலும் காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் அவர்களுக்குச் செல்வாக்கு இல்லை. வீட்டுவேலை செய்வோரும் கூலி வேலை செய்வோருமே அவர்களுள் மிகுதி. அத்தகையோர் எவ்வாறு இத்துணைக் காலம் சிதறாமல் நின்றனர்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் சொற்பொழிவுகளையும் தலைவர்களையும் மட்டும் கண்டு நின்றுவிடுதல் வழக்கம். ஆனால் விடை அந்நகரின் ஆலயக் கூடங்களில், காணிக்கைத் தட்டுகளில், சமையலறைகளில், கணக்கேடுகளில் உள்ளது. ஒரு சமயச் சமூகம் தன் அன்றாட வழக்கங்களைப் பொதுநீதிக்குக் கருவியாக்கிய வரலாறு இது.

விலக்கப்பட்டோர் கட்டிய ஆலயம்

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகள் அவமதிப்பிலிருந்து பிறந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்ஃபியா நகரில் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் வழிபடச் சென்ற கறுப்பினத்தார், முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருக்கும்போதே எழுப்பி அகற்றப்பட்டனர். அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற ரிச்சர்டு ஆலனும் அவருடைய தோழர் அப்சலோம் ஜோன்ஸும் 1787இல் தம் மக்களுக்கென ஓர் உதவிச் சங்கத்தை நிறுவியிருந்தனர். நோயுற்றோர்க்கும் கைம்பெண்களுக்கும் உதவ உறுப்பினர் சிறுதொகை செலுத்தும் சங்கம் அது. அம்மரபில் ஆலன் 1794இல் தனி ஆலயம் கண்டார். 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை என்னும் தனி அமைப்பு உருவாயிற்று.

தென் மாநிலங்களில் நிலைமை இதனினும் கடுமையானது. அடிமைகள் தாமாகக் கூடி வழிபடுவதைப் பல சட்டங்கள் தடுத்தன. அவர்கள் இரவில் காடுகளிலும் பள்ளங்களிலும் மறைவாகக் கூடினர். உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின் அம்மக்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட முதற்பொது நிறுவனம் ஆலயமே. அதனை ஒட்டிப் பள்ளிகளும் ஈமச்சடங்கு உதவிச் சங்கங்களும் கல்லூரிகளும் தோன்றின. மான்ட்கோமரியின் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் ஆலயம் தீக்கிரையானபின் அதனை மீண்டும் எழுப்பியபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு செங்கல் கொணருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ‘நாளுக்கொரு செங்கல் ஆலயம்’ என்ற பெயர் அதற்கு இன்றும் வழங்குகிறது.

1870இல் நடைமுறைக்கு வந்த பதினைந்தாம் சட்டத்திருத்தம் இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுத்தலாகாது என்றது. எனினும் தென் மாநிலங்கள் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, வன்முறை ஆகியவற்றால் அவ்வுரிமையைப் பறித்தன. 1896இல் உச்சநீதிமன்றம் இரயில் பயணத்தில் இனப்பிரிவினையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. இவ்வாறு பொதுவாழ்வின் வாயில்கள் அனைத்தும் அடைபட்ட காலத்தில், கறுப்பின மக்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும், கூட்டம் நடத்தவும், தீர்மானம் இயற்றவும், கணக்குக் காட்டவும் வாய்த்த ஒரே இடம் ஆலயம். வெளியில் பிறர் வீட்டில் பணிசெய்யும் பெண் ஆலயத்தில் மகளிர் குழுவின் தலைவி. வெளியில் சுமை தூக்குபவர் உள்ளே பொருளாளர். வாக்குச்சாவடி மறுக்கப்பட்ட மக்கள் மக்களாட்சியைத் தம் ஆலய நிருவாகத்திற் பயின்றுவந்தனர்.

மற்றொரு காரணமும் நோக்கத்தக்கது. கறுப்பின ஆசிரியரின் ஊதியம் அரசின் கையில் இருந்தது. தொழிலாளியின் கூலி வெள்ளை முதலாளியின் கையில் இருந்தது. போதகரின் வாழ்வோ தம் சபையாரின் காணிக்கையைச் சார்ந்தது. ஆதலின் அச்சுறுத்தலுக்கு அஞ்சாமற் பேசும் வாய்ப்பு அவருக்குப் பிறரினும் மிகுதியாக இருந்தது.

நான்கு நாட்களில் நிகழ்ந்தது

மான்ட்கோமரிப் பேருந்துகளில் முன்வரிசைப் பத்து இருக்கைகள் வெள்ளையர்க்கே உரியவை. அவை வெறுமையாக இருப்பினும் கறுப்பினத்தார் நின்றே செல்லவேண்டும். வெள்ளையர் மிகுந்தால் அவற்றிற்குப் பின்னுள்ள இருக்கைகளிலிருந்தும் கறுப்பினத்தார் எழவேண்டும். முன்வாயிலில் கட்டணம் செலுத்தியபின் இறங்கிச் சென்று பின்வாயிலில் ஏறுமாறு ஓட்டுநர் பணிப்பதும் உண்டு. 1955 டிசம்பர் 1ஆம் நாள் மாலை, தையல்தொழில் புரிந்துவந்த ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானார். அவர் செயின்ட் பால் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் ஆலயத்தின் உறுப்பினர். உள்ளூர் உரிமை அமைப்பொன்றின் செயலராகப் பல்லாண்டு பணியாற்றியவர்.

அன்றிரவே அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் ஜோ ஆன் ராபின்சன் செயலில் இறங்கினார். மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவியாகிய அவர், திங்கட்கிழமையன்று பேருந்தில் ஏறவேண்டா எனக் கேட்கும் துண்டறிக்கையை எழுதி, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடியும்வரை பல்லாயிரம் படிகள் எடுத்தார். மறுநாள் அவை நகரெங்கும் பரவின. தொழிற்சங்கத் தலைவர் இ. டி. நிக்சன் போதகர்களைத் தொலைபேசியில் அழைத்தார். டிசம்பர் 2ஆம் நாள் மாலை டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் அவர்கள் கூடினர். 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நகரின் கறுப்பின ஆலயங்களில் வழிபாட்டின்போது செய்தி அறிவிக்கப்பட்டது. ஒரு சமூகம் முழுவதற்கும் ஒரே காலையில் ஒரு செய்தியைச் சேர்ப்பிக்க வேறு எந்த நிறுவனத்தாலும் அன்று இயன்றிராது.

5ஆம் நாள் பிற்பகல் மவுண்ட் சயன் ஆலயத்தில் மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் அமைக்கப்பெற்றது. டெக்ஸ்டர் ஆலயத்திற்கு முந்தைய ஆண்டே போதகராக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். அவருக்கு அப்போது அகவை 26. அன்றிரவு ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். உள்ளே இடமின்றி வெளியே நின்றோர் ஒலிபெருக்கிவழிக் கேட்டனர். புறக்கணிப்பைத் தொடர்வதென அங்கே தீர்மானிக்கப்பட்டது. அவர்கள் முதலில் வேண்டியவை மிக எளியவை: மரியாதையான நடத்தை, முன்வந்தோர்க்கு முதல் இருக்கை என்னும் ஒழுங்கு, கறுப்பினத்தார் மிகுதியாகச் செல்லும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர். அவையும் மறுக்கப்பட்டன.

381 நாட்களின் கணக்கு

உணர்ச்சி ஒருநாளைத் தாங்கும். ஓராண்டைத் தாங்குவதற்கு ஒழுங்கு வேண்டும். தொடக்கத்தில் கறுப்பின வாடகைக் கார் ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமாகிய 10 சென்டுக்கே பயணிகளை ஏற்றினர். 45 சென்டுக்குக் குறைவாக வாங்கலாகாது என்னும் பழைய விதியைக் காட்டி நகர நிருவாகம் அதனைத் தடுத்தது. லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் 1953இலேயே போதகர் ஜெமிசன் தலைமையில் சிலநாள் பேருந்துப் புறக்கணிப்பு நடந்திருந்தது. கிங் அவரை அழைத்து, தனியார் கார்களைக் கொண்டு போக்குவரத்து நடத்தும் முறையைக் கேட்டறிந்தார். ஏறத்தாழ 300 கார்கள் சேர்ந்தன. காலையில் மக்களை ஏற்ற 48 இடங்களும் மாலையில் திரும்ப அழைத்துவர 42 இடங்களும் வகுக்கப்பட்டன. ஆலய முற்றங்கள் பல அத்தகைய நிறுத்தங்களாயின.

பின்னர் நன்கொடைகள் பெருகவே பதினைந்துக்கும் மேற்பட்ட பெரிய கார்கள் வாங்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் ஓர் ஆலயத்தின் பெயரிற் பதிவு செய்யப்பட்டு, அவ்வாலயத்தின் பெயர் பக்கவாட்டில் எழுதப்பட்டது. அவற்றின் காப்பீட்டை நிறுவனங்கள் மீண்டும் மீண்டும் ரத்து செய்தபோது, அட்லாண்டாவைச் சேர்ந்த கறுப்பின முகவர் ஒருவர் வழியே லண்டன் லாயிட்ஸிடம் காப்பீடு பெறப்பட்டது.

வாரந்தோறும் திங்கள், வியாழன் இரவுகளில் பொதுக்கூட்டம் நடந்தது. ஒரே ஆலயத்தில் நடத்தாமல் முறைவைத்துப் பல ஆலயங்களில் நடத்தினர். பாப்டிஸ்டும் மெதடிஸ்டும், படித்தோர் ஆலயமும் பாமரர் ஆலயமும் ஒன்றின் கூரையின்கீழ் மற்றொன்று வந்தமர்ந்தது. பாட்டு, வேண்டுதல், வாகன ஏற்பாடு பற்றிய அறிவிப்பு, காணிக்கை என்பதே கூட்டத்தின் ஒழுங்கு. களைத்த கால்களுக்கு அக்கூட்டங்களே ஊக்கம் அளித்தன.

பொருளுதவியில் பெண்களின் பங்கு பெரிது. சமையல்தொழில் புரிந்துவந்த ஜார்ஜியா கில்மோர் தம் தோழியருடன் கோழி இறைச்சி ரொட்டிகளையும் இனிப்புகளையும் செய்து விற்று, வந்த பணத்தைக் கூட்டந்தோறும் செலுத்திவந்தார். வாங்கியோருள் வெள்ளையரும் இருந்தனர். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எவரையும் காட்டிக்கொடுக்க நேராதவாறு அக்குழுவிற்கு ‘எங்கிருந்தும் அல்லாத சங்கம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். வேலையிழப்புக்கு அஞ்சிய எளியோரும் பெயர் வெளிப்படாமல் பங்குகொள்ள அது வழிவகுத்தது.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. 1956 ஜனவரி 30ஆம் நாள் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. பிப்ரவரியில், புறக்கணிப்பைத் தடைசெய்யும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எண்பதுக்கும் மேற்பட்டோர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் போதகர்கள். கறுப்பினத்தார் வழிபடும் லூத்தரன் ஆலயத்தின் போதகராகிய ராபர்ட் கிரேட்ஸ் என்னும் வெள்ளையர் தம் காரில் மக்களை ஏற்றிச் சென்றமையால் அவர் வீடும் ஆகஸ்டில் குண்டுக்கு இலக்காயிற்று. நவம்பர் 13ஆம் நாள் மாநில நீதிமன்றம் அக்கார்ப் போக்குவரத்துக்குத் தடை விதித்தது. அதே நாளில், பேருந்துகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்ற கீழ்த்தீர்ப்பை உச்சநீதிமன்றம் உறுதிசெய்த செய்தியும் வந்தது. அவ்வழக்கைத் தொடுத்து நின்றவர்கள் நான்கு பெண்கள். அவர்களுள் கிளாடெட் கால்வின் இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானபோது 15 அகவைச் சிறுமி. தீர்ப்பின் ஆணை நகருக்கு வந்து சேரும்வரை, கார் ஏற்பாடும் இல்லாத நிலையில் மக்கள் மேலும் ஐந்து வாரம் நடந்தனர். டிசம்பர் 21ஆம் நாள் எல்லோர்க்கும் ஒத்த உரிமையுடன் பேருந்தில் ஏறினர்.

அஹிம்சை வந்த வழி

இப்போராட்டத்தில் தலைநின்ற கொள்கை அஹிம்சை. அஃது அம்மக்களிடம் வந்த வழியில் ஒரு சமண இல்லறத்தாரின் பங்கும் உண்டு. 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் பம்பாயில் ஸ்ரீமத் ராஜ்சந்திரரைச் சந்தித்தார். வைர வணிகராகவும் கவிஞராகவும் ஞானியாகவும் விளங்கிய அவரிடம், தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்த காலத்தில் காந்தியடிகள் கடிதம் எழுதி விளக்கம் பெற்றார். தம் வாழ்வில் ஆழப்பதிந்த தற்காலத்தார் மூவருள் டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோருடன் ராஜ்சந்திரரையும் வைத்து அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். தென்னாப்பிரிக்காவில் இனவெறியை எதிர்த்து அவர் கண்ட சத்தியாக்கிரகத்திற்குக் கொல்லாமை அறமே அடித்தளம்.

1936இல் அமெரிக்கக் கறுப்பினச் சமய அறிஞர் ஹோவர்ட் தர்மன் தம் துணைவியாருடன் இந்தியாவின் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்து உரையாடினார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் மார்டிகாய் ஜான்சனும் இந்தியா வந்து சென்றவர்; அவர் காந்தியடிகளைப் பற்றி ஆற்றிய உரையைக் கேட்டே, இறையியல் மாணவராயிருந்த கிங் காந்தியடிகளின் நூல்களைத் தேடிப் படிக்கலானார். மெதடிஸ்ட் ஊழியரான ஜேம்ஸ் லாசன், போருக்குச் செல்ல மறுத்துச் சிறையிருந்தபின், நாகபுரியில் மூன்றாண்டுகள் பணிபுரிந்தார். மான்ட்கோமரிச் செய்தியை அவர் அங்கேயே நாளிதழில் படித்தறிந்தார். அமெரிக்கா திரும்பியபின் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஓர் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்களுக்கு அஹிம்சைப் பயிற்சி அளித்தார். வசைகேட்டும் அடிபட்டும் பதிலுக்குக் கையோங்காதிருக்க அங்கே ஒருவரையொருவர் வைத்து ஒத்திகை பார்த்தனர். 1960 பிப்ரவரியில் நாஷ்வில் உணவகங்களில் இனப்பிரிவினையை எதிர்த்து அமர்ந்தவர்கள் அம்மாணவர்களே.

அஹிம்சை பிறவியில் வருவதன்று, பயின்று பெறுவது என்பதற்குக் கிங்கின் வாழ்வும் சான்று. புறக்கணிப்பின் தொடக்க மாதங்களில் அவர் வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன; ஆயுதம் தாங்கியோர் காவல் நின்றனர். குவேக்கர் மரபினரான பேயார்ட் ரஸ்டினும் மெதடிஸ்ட் போதகரான க்ளென் ஸ்மைலியும் வந்து உரையாடியபின் அவை அகற்றப்பட்டன. பேருந்தில் மீண்டும் ஏறும் நாளுக்கு முன்னர் ஆலயங்களில் நாற்காலிகளைப் பேருந்து இருக்கைகள்போல் வரிசையாக இட்டு, வெள்ளையர் பழித்தால் எவ்வாறு நடந்துகொள்வது என மக்கள் பயின்றனர். வென்றவர் செருக்கின்றி நடக்கவேண்டும் என்பதும் அப்பயிற்சியின் பாடம்.

1959இல் கிங் தம் துணைவியாருடன் இந்தியா வந்தார். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் அவர் சென்றதுண்டு. திருவனந்தபுரத்தில், தீண்டாமைக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றில் தம்மையும் அமெரிக்காவின் தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்ததையும், முதலில் அதனால் துணுக்குற்றதையும், பின்னர் அஃது உண்மையே எனத் தெளிந்ததையும் அவர் பின்னாளில் ஒரு சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார்.

எழுத்தும் வாக்கும்

பேருந்து இருக்கையைவிடக் கடினமானது வாக்குச்சீட்டு. அதற்கு ஆலயங்கள் செய்த பணி பள்ளிப்பணி. தென்கரோலினா மாநிலத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆசிரியராயிருந்த செப்டிமா கிளார்க், உரிமை அமைப்பின் உறுப்பினர் பதவியைத் துறக்க மறுத்தமையால் 1956இல் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். மனந்தளராத அவர், ஜான்ஸ் தீவில் பேருந்து நடத்திவந்த ஏசா ஜென்கின்ஸுடன் சேர்ந்து முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் குடியுரிமைப் பள்ளியை 1957இல் தொடங்கினார். முதல் வகுப்பு ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் நடந்தது. முதல் ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன் சிகையலங்காரத் தொழில் புரிந்தவர். முதியோர் தம் பெயரை எழுதவும், பணவிடைப் படிவம் நிரப்பவும், வாக்காளர் பதிவுத் தேர்வில் கேட்கும் மாநில அரசியலமைப்புப் பகுதியைப் படிக்கவும் அங்கே கற்றனர்.

1961இல் இத்திட்டத்தைக் கிங் தலைமையிலான தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு என்னும் அமைப்பு ஏற்றது. ஜார்ஜியா மாநிலத்தில் கிறித்தவ அமைப்பொன்றுக்கு உரிய டார்செஸ்டர் மையத்தில், பல ஊர்களிலிருந்து வந்தோர் பயிற்சி பெற்றுத் திரும்பி, தத்தம் ஊரின் ஆலயங்களிலும் வீட்டுச் சமையலறைகளிலும் வகுப்பு நடத்தினர். மிசிசிப்பியின் ரூல்வில் என்னும் சிற்றூரில், 1962இல் ஓர் ஆலயக் கூட்டத்தில்தான் ஃபேனி லூ ஹேமர் என்னும் பருத்தித் தோட்டத் தொழிலாளி தம் போன்றோர்க்கும் வாக்குரிமை உண்டு என்பதை முதன்முதலாகக் கேட்டறிந்தார். அப்போது அவருக்கு அகவை 44. பதிவு செய்யச் சென்றதற்காகத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், பின்னர் நாடறிந்த உரிமைத் தலைவியானார்.

அலபாமாவின் செல்மா நகரம் அமைந்த டாலஸ் மாவட்டத்தில் வாக்களிக்கும் அகவை நிரம்பிய கறுப்பினத்தார் ஏறத்தாழ 15,000 பேர்; பதிவு பெற்றோர் 300 அளவினரே. பதிவு அலுவலகம் திங்களுக்கு இரு நாட்கள்தாம் திறக்கும். மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி உரிமை பேசுவதையே உள்ளூர் நீதிமன்றம் 1964இல் தடைசெய்தது. அத்தடையை மீறி 1965 ஜனவரி 2ஆம் நாள் பிரவுன் சேப்பல் ஆலயம் தன் கதவைத் திறந்தது. எழுநூறு பேர் அளவில் கூடினர். அதே மாதம் 22ஆம் நாள், ஆசிரியரும் போதகருமாகிய எஃப். டி. ரீஸின் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் நீதிமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தனர். சிறை செல்ல அணியமாக இருப்பதற்கு அடையாளமாகப் பல்துலக்கியைக் கையில் வைத்திருந்தனர். அரசு ஊதியம் பெறுவோர் வேலையிழப்புக்கு அஞ்சாது வீதிக்கு வந்தது ஊரெல்லாம் கண்டு வியந்த செய்தி. ஆசிரியர் நடந்தபின் மாணவர் நின்றுவிடவில்லை.

பிப்ரவரியில் அண்டை ஊராகிய மரியனில், ஆலயப் பணியாளரும் வாக்காளராகப் பதிய மீண்டும் மீண்டும் முயன்றவருமான ஜிம்மி லீ ஜாக்சன் காவலரின் துப்பாக்கிக்கு இரையானார். மார்ச் 7ஆம் நாள், பிரவுன் சேப்பலிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். நாடெங்குமுள்ள சமயத் தலைவர்களுக்குக் கிங் அழைப்பு விடுத்தார். கத்தோலிக்கத் துறவியர், யூதக் குருமார், சீர்திருத்தச் சபைப் போதகர் எனப் பல சமயத்தார் ஓரிரு நாட்களிலேயே செல்மாவில் வந்திறங்கினர். பாஸ்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் ரீப் என்னும் வெள்ளைப் போதகர் தாக்கப்பட்டு உயிர்நீத்தார். மார்ச் 21இல் தொடங்கிய நடைப்பயணம் 25ஆம் நாள் மான்ட்கோமரியை அடைந்தபோது 25,000 பேர் அளவில் திரண்டிருந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. மிசிசிப்பியில் நூற்றுக்கு எழுவர்கூடப் பதிவு பெறாதிருந்த நிலை மாறி, சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அறுபதின்மர் பதிவு பெற்றனர்.

திறவாத கதவுகள்

எல்லா ஆலயங்களும் இவ்வறப்போரில் நின்றன என்று எழுதுதல் வரலாறு ஆகாது. வெள்ளையர் திருச்சபைகள் பலவற்றின் வாயிலில் வழிபட வந்த கறுப்பினத்தார் தடுக்கப்பட்டனர். 1963 ஏப்ரலில் பர்மிங்காம் நகரின் வெள்ளைச் சமயத் தலைவர் எண்மர், போராட்டம் காலத்துக்கு ஒவ்வாதது, பொறுத்திருங்கள் என அறிக்கை விடுத்தனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர், அமைதி விரும்பிகள். சிறையிலிருந்த கிங் அவர்களுக்கு எழுதிய நீண்ட மடலில், வெளிப்படையான பகையைக் காட்டிலும் நல்லோரின் தயக்கமே தம்மை மிகவும் வருத்துகிறது என்னும் கருத்தை வெளியிட்டார்.

கறுப்பினத் திருச்சபைகளிலும் கருத்து ஒன்றுபடவில்லை. மிகப்பெரிய பாப்டிஸ்ட் பேரவையின் தலைவர் ஜே. எச். ஜாக்சன், வீதிப் போராட்டத்தை ஏற்கவில்லை. அப்பூசல் முற்றி 1961இல் பேரவை பிளவுபட்டது. தயங்கிய சபையாரை எளிதில் குறைகூறவும் இயலாது. கதவைத் திறந்த ஆலயங்கள் அதற்குரிய விலையைக் கொடுத்தன. 1957 ஜனவரி 10ஆம் நாள் ஒரே இரவில் மான்ட்கோமரியில் நான்கு ஆலயங்கள் குண்டுகளால் சிதைந்தன. ‘நாளுக்கொரு செங்கல்’ ஆலயமும் அவற்றுள் ஒன்று. 1963 செப்டம்பர் 15ஆம் நாள், ஞாயிறு காலை, பர்மிங்காமின் பதினாறாம் தெரு ஆலயத்தில் வைத்த குண்டு நான்கு சிறுமியரைப் பலிகொண்டது. 1964 கோடையில் மிசிசிப்பியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் எரிக்கப்பட்டன அல்லது குண்டுகளுக்கு இலக்காயின. தலைமுறைகள் கூடிச் செங்கல் செங்கலாக எழுப்பியதை இழக்கும் அச்சம் பொய்யச்சம் அன்று. அவ்வச்சத்தை அறிந்தே கதவைத் திறந்தோரின் துணிவு அதனாலேயே பெரிதாகிறது.

இன்னொரு குறையும் மறைத்தற்குரியதன்று. துண்டறிக்கை அடித்தவரும், வகுப்பு நடத்தியவரும், சமைத்துப் பணம் திரட்டியவரும், வழக்குத் தொடுத்தவரும் பெரும்பாலும் பெண்கள். மேடையிலும் தீர்மானக் குழுக்களிலும் முன்னிருந்தோர் ஆண் போதகர்கள். தலைமை மாநாட்டின் அலுவலகத்தைத் தொடக்கத்தில் கட்டமைத்த எலா பேக்கர் இக்குறையைச் சுட்டிக்காட்டினார்; ஒரு தலைவரையே நம்பியிராமல் மக்கள் தாமே முடிவெடுக்கப் பழகவேண்டும் என்றார். 1960இல் மாணவர்கள் தமக்கெனத் தனியமைப்புக் காண அவர் துணைநின்றார். பிறரிடம் சமநீதி கேட்கும் சமூகம் தன் கூடத்திற்குள்ளும் அதனை நோக்கவேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற பாடம்.

இவ்வரலாற்றில் வியப்பூட்டுவது, அம்மக்கள் புதிதாக ஒன்றும் படைக்கவில்லை என்பதே. வாரந்தோறும் கூடுதல், சேர்ந்து பாடுதல், காணிக்கை எடுத்துக் கணக்கு வைத்தல், நோயுற்றோரைச் சென்று காணுதல், பொதுச்சமையல், பிள்ளைகளுக்குப் பாடம் ஆகிய யாவும் எந்தச் சமயச் சமூகத்திலும் உள்ள வழக்கங்கள். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்தைப் போற்றும் சமூகத்துக்கு அவை அயலானவை அல்ல. அவ்வழக்கங்களைத் தம் மதிலுக்குள் நிறுத்திக்கொள்ளாமல், அநீதியுற்ற அனைவர்க்குமாக வெளியே கொணர்ந்தமையே மான்ட்கோமரியின் சிறப்பு. அவ்வழக்கங்கள் முன்னரே உயிர்ப்போடு இருந்தமையால்தான் வேண்டிய நாளில் அவை பயன்பட்டன. நான்கே நாட்களில் ஒரு நகரம் எழுந்து நின்றதற்குப் பின்னால், பல பத்தாண்டுகளாக எவரும் பாராட்டாமல் கூடம் பெருக்கியவர்களும் வரவுசெலவு எழுதியவர்களும் இருந்தனர்.

மான்ட்கோமரியில் அலபாமா மாநில ஆட்சிமன்றக் கட்டடத்தின் அருகிலேயே டெக்ஸ்டர் அவென்யூ ஆலயம் நிற்கிறது. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென் மாநிலங்களின் தலைவர் 1861இல் உறுதிமொழி எடுத்தது அவ்வாட்சிமன்றத்தில். செல்மாவிலிருந்து நடந்தோர் 1965இல் வாக்குரிமை கேட்டு நின்றதும் அதன் முன்னர். 1955 டிசம்பர் 2ஆம் நாள் மாலை போதகர்கள் கூடிய அந்தக் கீழ்த்தளக் கூடம் இன்றும் உள்ளது. பெரிய கூடம் அன்று. ஞாயிறு வகுப்புக்கும் சபைக் கூட்டங்களுக்குமாகக் கட்டிய கூடம்.